வன்னியில நாள்வாடகை வீடுகளுக்குப் பிரதேச சபை விதி போட வேணுமோ?

11.07.2025, ஒரு வாசகரின் கேள்வி

வீட்டையும் அறையையும் நாள்வாடகைக்கு விடுற எயார்பிஎன்பியை நியூயோர்க்கில தடை செய்திட்டாங்கள். பார்சலோனாவில மூடப் போறாங்கள். இஞ்ச ஏ9 வீதி ஓரமெல்லாம் "றூம் உண்டு" எண்டு போட் தொங்குது. மே மாதம் தெரிவான சபையள் என்ன செய்யினம்? ஒரேயடியாத் தடை செய்யச் சொல்லி எல்லாரும் சேர்ந்து கேக்க வேணும்.

12.07.2025, காலை

முதல் ஒண்டு சொல்லிப்போடுறன். நானும் றூம் குடுக்கிற ஆள்தான். கிளிநொச்சி மாவட்டம், ஏ9 இலயிருந்து மூண்டு கிலோமீற்றர் உள்ளுக்கு. இந்திய வீட்டுத்திட்ட வீடு, 550 சதுர அடி. 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா பகுதி பகுதியா வந்தது, மிச்சத்துக்குக் காப்பை அடகு வைச்சுக் கட்டினது. பிறகு தம்பி கனடாவில இருந்து காசு அனுப்பி, அதே வளவுக்குள்ள பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கட்டுவிச்சான். அவன் வாறது இரண்டு வரியத்துக்கு ஒருக்கா, மூண்டு கிழமை. மிச்ச நாள் பூட்டிக் கிடக்கும். 2016 இல வேலையா வந்த ஒரு பொறியியலாளர் தங்க இடமில்லாமல் கேட்டார், குடுத்தம். அதில இருந்து தொடங்கினது.

நியூயோர்க்கில நடந்தது முழுத் தடை இல்லை. 2022 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டம் எண்டு ஒண்டு, 2023 செப்டெம்பர் 5 இலயிருந்து நடைமுறையில இருக்கு. 30 நாளுக்குக் குறைய விடுறதெண்டால் நகர நிர்வாகத்திட்டப் பதிய வேணும், வீட்டுக்காரர் அந்த வீட்டிலயே இருக்க வேணும், இரண்டு பேருக்கு மேல தங்க விடேலாது. ஆளில்லாமல் முழு வீட்டையும் விட்டவைக்குத்தான் அது அடி. பார்சலோனாவைத் தடை எண்டு சொல்லலாம். 10,101 சுற்றுலா வீட்டு அனுமதியளையும் 2028 நவம்பருக்குள்ள இல்லாமல் செய்யிறதெண்டு 2024 யூனில அந்த நகர மேயர் அறிவிச்சவர். ஊர்ச்சனத்துக்கு வாடகைக்கு வீடு கிடைக்கேல்லை எண்டதுதான் காரணம்.

எங்கட பிரச்சினை அது இல்லை. இஞ்ச வெளிநாட்டுக் காசில கட்டின மேல்மாடி வீடுகள் வருசத்தில பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கு. அதில நாலு பேர் வந்து தங்கினால் ஆருக்கு நட்டம்? தடை வேண்டாம் எண்டதுதான் என்ர நிலைப்பாடு.

12.07.2025, இரவு

பிரதேச செயலகத்தில போய்க் கேளுங்கோ எண்டு இரண்டு பேர் எழுதியிருக்கினம். அது வேற, இது வேற. செயலகம் அரசாங்கத்தின்ர கை, காணி விசயம் அங்க. சபை நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பினது. கட்டட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம், குப்பை, வடிகால், சோலைவரி எல்லாம் சபை. கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி எண்டு எங்கட மாவட்டத்தில மூண்டு. முல்லைத்தீவில கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு.

14.07.2025

சபைக்கு அதிகாரமே இல்லை எண்டு இலண்டனில இருந்து ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். இருக்கு அண்ணை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில தங்குவிடுதிக்கு அனுமதிப்பத்திரம் குடுக்கிற அதிகாரம் இருக்கு. ஆனால் கட்டணத்தைப் பாருங்கோ. இடத்தின்ர வருடாந்தப் பெறுமதி 750 ரூபாவுக்கு மேல போகாட்டி 500 ரூபா, 1,500 வரைக்கும் 750 ரூபா, அதுக்கு மேல எவ்வளவெண்டாலும் 1,000 ரூபா. சட்டம் வந்த காலத்துக் கணக்கு அப்பிடியே நிக்குது. நான் ஒரு இரவுக்கு 6,000 வாங்குறன். வருசத்துக்கு 1,000 கட்டினால் முடிஞ்சுது.

சுற்றுலாச் சபையில பதிஞ்ச ஹொட்டேலுக்கும் விடுதிக்கும் மட்டும் கணக்கு வேற: முந்தின வருச வருமானத்தில நூற்றுக்கு ஒண்டு. அதால பதிஞ்சவன் வருமானத்தைக் காட்டிக் கட்டுறான், பதியாதவன் 1,000 ஓட தப்புறான், அனுமதியே எடுக்காதவன் ஒண்டும் கட்டுறேல்லை. நான் இந்த மூண்டாவது கூட்டத்திலதான் ஒன்பது வருசம் இருந்திருக்கிறன். என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் போய்ச் சொல்லேல்லை. அது பிழை.

கட்டணத்தால ஒண்டையும் கட்டுப்படுத்தேலாது. அனுமதிக்கு வைக்கிற நிபந்தனையாலதான் ஏலும். 1952 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஏற்கெனவே எழுதி வைச்சிருக்கிற முன்மாதிரி உபவிதியளை (சபையின்ர உள்ளூர் விதியளை) தீர்மானம் போட்டு ஏற்கலாம். புதுசா ஒண்டு செய்யிறதெண்டால் மாகாண அங்கீகாரமும் வர்த்தமானியும் வேணும். மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்ரோபரில முடிஞ்சுது, அதுக்குப் பிறகு தேர்தலே வைக்கேல்லை. ஆகவே கோப்பு ஆளுநரிட்டப் போகும்.

19.07.2025

அப்ப என்ன நிபந்தனை? எனக்குத் தோன்றினது இது: ஒரு வீட்டில நாள்வாடகை தொடங்க முதல் சுத்திவர உள்ள நாலு வளவுக்காரரின்ர கையெழுத்து. சத்தம், குப்பை, தண்ணி எல்லாம் அவைக்குத்தான் முதல் வந்து சேரும். அயல் சம்மதிச்சால் சபை சம்மதிக்கட்டும்.

21.07.2025

மேல எழுதினதை வாபஸ் வாங்குறன்.

நேற்றிரவு ஒரு அக்கா எனக்குத் தனியா எழுதினா. முல்லைத்தீவுப் பக்கம். 2009 இல மனுசனை இழந்தவ, இரண்டு பிள்ளையள், முன்னறையை வேலையா வாற ஆக்களுக்குக் குடுத்துத்தான் பெரியவளைப் படிப்பிச்சவ. அவ எழுதினதை அவவின்ர சம்மதத்தோட போடுறன்: "தங்கச்சி, ஆம்பிளை இல்லாத வீட்டில ஆம்பிளையள் வந்து தங்கினம் எண்டு ஏற்கெனவே கதை. அவையிட்டப் போய்க் கையெழுத்துக் கேள் எண்டு சபையும் சொன்னால் நான் அண்டைக்கே பூட்ட வேண்டியதுதான். கிணறு நல்லா இருக்கோ எண்டு பாக்க வரட்டும். நான் நல்லவளோ எண்டு அயலைக் கேக்க வேண்டாம்."

இரண்டு தரம் வாசிச்சன். வன்னியில ஆம்பிளைத் துணையில்லாமல் குடும்பம் கொண்டு போற பெண்கள் எத்தனை வீட்டில எண்டு எனக்குத் தெரியாததில்லை. என்ர ஒழுங்கையிலயே மூண்டு வீடு. அவையின்ர சீவியத்தை அயலின்ர வாயில குடுக்கிற விதியைத்தான் நான் எழுதியிருக்கிறன். அக்கா, மன்னியுங்கோ.

முறைப்பாடு சொல்ல அயலுக்கு வழி இருக்க வேணும். சம்மதம் குடுக்கிற அதிகாரம் வேண்டாம்.

03.08.2025

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "றூம் எண்டால் என்ன நடக்குதெண்டு எல்லாருக்கும் தெரியும், கலாசாரம் சீரழியுது, சோடிகளின்ர கலியாணப் பதிவைப் பாத்துத்தான் விட வேணும்."

வயது வந்த இரண்டு பேரின்ர கதவைத் தட்டுறது சபையின்ர வேலை இல்லை. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறவன், போதைப்பொருள் விக்கிறவன் எண்டால் அதுக்குச் சட்டம் இருக்கு, பொலிஸ் இருக்கு. அதையும் தங்குமிட விதியையும் ஒண்டாப் போட்டுக் குழைச்சால், கடைசியில ஒருத்தரும் மலக்குழியைப் பாக்க மாட்டினம், எல்லாரும் ஆர் ஆரோட வந்தது எண்டுதான் பாப்பினம்.

இன்னொண்டு. தங்க வாறவையின்ர பேர் விபரத்தைப் பதிஞ்சு மாதாமாதம் குடுக்க வேணும் எண்டும் எழுதியிருக்கிறார். போர் முடிஞ்சு மீளக்குடியேறின நேரம், ஆமியின்ர பதிவுக்கு வீட்டுக்கு முன்னால குடும்பத்தோட நிண்டு படம் எடுபட்ட ஆள் நான். மாமி ஒரு இரவு வந்து தங்கினாலும் அடுத்த நாள் "ஆர் வந்தது" எண்டு கேட்டினம். 2014 ஒக்ரோபரில இருந்து அடுத்த வருச சனவரி வரைக்கும் வெளிநாட்டுப் பாஸ்போட்காரர் வடக்குக்கு வரப் பாதுகாப்பு அமைச்சின்ர அனுமதி வேணும் எண்டு திரும்பவும் வைச்சவை. சொந்த வீட்டுக்கு வந்த பிள்ளையள் ஓமந்தைச் சோதனைச்சாவடியில இறங்கி நிண்டதுகள். பதிவுப் புத்தகம் எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட சனத்துக்கு ஏன் வயிறு கலங்குதெண்டு விதி எழுதிறவை விளங்க வேணும். புத்தகம் வீட்டில இருக்கட்டும். ஒரு முறைப்பாடு வந்தால் எழுத்தில கேட்டுப் பாக்கட்டும்.

10.08.2025

இதை எழுதுறதோ விடுறதோ எண்டு ஒரு மாதமா யோசிச்சன். முதல் நாள் "ஆருக்கு நட்டம்" எண்டு கேட்டிட்டன். எனக்கே நட்டம் வந்தது, என்னாலயும் வந்தது.

2023 ஓகஸ்ட். பின்வளவில ஒரு மேல்மாடி வீடு. சொந்தக்காரர் ஐரோப்பாவில, சாவி டவுணில ஒருத்தரிட்ட. கலியாண வீட்டுக்கெண்டு 17 பேருக்கு நாலு நாள் விட்டிட்டினம். ஆயிரம் லீற்றர்த் தாங்கி, விடிய மோட்டர் போட்டால் பத்து மணிக்குத் திரும்ப, பின்னேரம் திரும்ப. எங்கட பக்கம் ஓகஸ்ட் எண்டால் மழை கண்டு எத்தனை மாதம், கிணறெல்லாம் அடியில நிக்கும். இரண்டாம் நாள் என்ர மோட்டர் காத்திழுத்தது. மூண்டாம் நாள் வாளியில சேறு வந்தது. சாவிக்காரருக்கு எடுத்தால் போன் வேலை செய்யேல்லை. அம்மா அப்ப படுக்கையில, அவவுக்குத் துடைக்க அடுத்த ஒழுங்கையில போய்த் தண்ணி காவினன்.

நாலாம் நாள் அவையின்ர மலக்குழி நிரம்பி வேலிக்கரையால வடிஞ்சுது. நான் போய்ச் சத்தம் போட்டன். அந்த வீட்டுக்கு வந்த பிள்ளையள் பாவம், அதுகளுக்கு ஒண்டும் தெரியாது. சுவிஸில பைப்பைத் திறந்தால் வாற தண்ணி இஞ்ச கிணத்தில இருந்து வருதெண்டு ஆர் சொல்லிக் குடுத்தது?

இனி என்ர பக்கம். அடுத்த வருசம் ஏப்ரல், சித்திரை வருசப்பிறப்புக்கு 11 பேர் கேட்டினம். இரண்டு அறை, ஒரு குளியலறை. காசு தேவைப்பட்ட நேரம், ஓமெண்டிட்டன். இரண்டாம் இரவு எங்கட குழி மேலால வந்திட்டுது. மலக்குழி உறிஞ்சுற பவுசருக்குச் சொல்லி, அது வர மூண்டு நாள். அதுக்கிடையில பக்கத்து வளவுக் கிணத்தில வாசம் எண்டு அந்த வீட்டு அண்ணி வந்து வாசலில நிண்டா. ஏசேல்லை. "தண்ணி குடிக்கேலாமல் கிடக்கு பிள்ளை" எண்டு மட்டும் சொன்னா. குளோரின் போட்டு, இறைச்சு, இரண்டு கிழமை நான் போத்தல் தண்ணி வாங்கிக் குடுத்தன். வந்த காசில முக்கால்வாசி அதுக்கே போச்சுது.

முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் இது இன்னும் மோசம். அங்க மணலுக்குள்ள நிக்கிற நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்கிற மெல்லிய படை மாதிரி. வாளியால அள்ளுமட்டும் அது அப்பிடியே நிக்கும். மோட்டரால ஒரே இடத்தில இழுத்தால் கீழ இருக்கிற உப்பு மேல ஏறும். ஒருக்கா ஏறினால் அடுத்த மாரி மட்டும் அந்தத் தண்ணி கறிக்கும் உதவாது. என்ர மச்சாள் வீட்டில பக்கத்து விடுதி தொடங்கின அடுத்த வருசமே தேத்தண்ணி கரிச்சுது.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: தடை வேண்டாம் எண்டதில நிக்கிறன். ஆருக்கும் நட்டமில்லை எண்டதை எடுக்கிறன்.

16.08.2025

மடுத் திருவிழா முடிஞ்சு வந்தவை இரண்டு குடும்பம் நேற்று இஞ்ச தங்கினவை. ஆவணித் திருவிழாவுக்கு அவ்வளவு சனம் காட்டுக்குள்ள கூடாரம் அடிச்சு இருக்குது, ஆனால் தண்ணியும் மலசலகூடமும் எங்க எங்க எண்டு முதலே யோசிச்சு வைக்கிறதால சமாளிக்குது. அளவு பெரிசெண்டது பிரச்சினை இல்லை, முதலே எண்ணாமல் விடுறதுதான் பிரச்சினை.

வற்றாப்பளைப் பொங்கலையும் நினைச்சன். நடந்து வாற சனத்துக்குத் திண்ணையில பாய் போட்டுக் குடுத்துச் சோறும் குடுப்பா அம்மம்மா. காசு வாங்குறது பாவம் எண்டுவா. விதி எழுதேக்க இதைத் தொடாமல் எழுத வேணும். காசு வாங்காமல் ஆரும் ஆரையும் தங்க வைக்கிறது விதிக்குள்ள வரவே கூடாது.

24.08.2025

ஊர்ச்சனத்துக்கு வீடு இல்லாத பிரச்சினை எங்களுக்கில்லை எண்டு முதல் நாள் எழுதினன். அதையும் திருத்துறன்.

அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கு. பம்பைமடுவில 2021 இல தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம். விடுதி கிடைக்காத பிள்ளையள் சுத்திவர ஊரில போடிங் இருக்குதுகள். இரண்டு பிள்ளையள், ஒண்டு மட்டக்களப்பு, ஒண்டு பதுளை, மாதம் ஆளுக்கு 8,000 குடுத்து ஒரு வீட்டில இருந்ததுகள். யூலை கடைசியில "ஆறு கிழமைக்கு வேற இடம் பாருங்கோ, வெளிநாட்டில இருந்து ஆக்கள் வருகினம்" எண்டு சொல்லிட்டினம். சோதனைக் காலம். ஒரு பிள்ளையை என்ர மகளின்ர அறையில வைச்சிருக்கிறன், மற்றதுக்கு இன்னும் சரியான இடமில்லை, சிநேகிதியோட கட்டிலைப் பங்குபோடுது.

வீட்டுக்காரரிலயும் முழுப் பிழை சொல்ல மனமில்லை. இரண்டு பிள்ளையளிட்டயும் மாதம் 16,000. அதே அறையை ஓகஸ்டில மூண்டு இரவு விட்டால் அதுக்கு மேல. கணக்கு அப்பிடித்தான் இழுக்கும். அதுதானே பார்சலோனாவிலயும் இழுத்தது. நகரம் சின்னனோ பெரிசோ, கணக்கு ஒண்டுதான். நான் அதைக் காணாமல் எழுதிப்போட்டன்.

07.09.2025

இலண்டன் அண்ணை நல்ல யோசனை எண்டு ஒண்டு தந்தார்: இரவுக்கணக்கு. இலண்டனில 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருசத்துக்கு 90 இரவு, அதுக்கு மேலயெண்டால் திட்டமிடல் அனுமதி. அம்ஸ்ரடாமில 2019 இல 30 இரவு எண்டாக்கினவை. எங்கட சபையும் 60 எண்டு வைக்கலாம் எண்டார்.

என்ர கொப்பியை எடுத்துப் பாத்தன். போன வருசம் முழுக்க நான் விட்டது 34 இரவு. ஓகஸ்டில 19, டிசம்பரில 8, மிச்சம் சித்திரையும் அங்கொண்டு இங்கொண்டும். பின்வளவு வீடு அதைவிடக் குறைவு. எங்களுக்குச் சீசனே ஒரு மாதம்தான். 60 எண்டு வைச்சால் அதில ஒரு வீடும் மாட்டாது, ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள்ள, அதுவும் தண்ணி ஆகக் குறைஞ்ச மாதத்தில, கிணறு செத்துப் போகும். 17 பேர் நாலு இரவு எண்டது எந்த நகரத்துக் கணக்கிலயும் சின்ன இலக்கம். என்ர ஒழுங்கைக்கு அது காணும்.

அண்ணை, அங்க அவை இரவை எண்ணுறது சரி, அவைக்கு வீடு குறைவு. நாங்கள் எண்ண வேண்டியது ஒரே இரவில எத்தனை தலை எண்டது. எத்தனை கழிப்பறை, எவ்வளவு குழி, கிணறு எவ்வளவு தூரம், அதுக்குத் தக்க ஆள்.

08.09.2025

காணி உறுதி இல்லாதவை, பேமிற் காணியில (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி) இருக்கிறவை என்ன செய்யிறதெண்டு கேட்டிருக்கினம். முதல் ஒருத்தருக்குப் பதில் சொல்லேக்க "பேமிற் காணியில றூமே குடுக்கேலாது" எண்டு அடிச்சுச் சொல்லிட்டன். அவசரப்பட்டிட்டன். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில வந்த பேமிற் எண்டால், சம்மதம் எடுக்காமல் காணியைக் கைமாற்றவோ குத்தகைக்குக் குடுக்கவோ ஏலாது. நீங்கள் குடியிருக்கிற வீட்டில ஒரு அறையில ஆள் தங்குறதும், முழு வளவையும் இன்னொருத்தருக்கு வருசக் குத்தகைக்குக் குடுத்து அவர் விடுதி நடத்துறதும் ஒண்டில்லை. இரண்டாவதைச் செய்யாதேங்கோ, காணிக்கே வில்லங்கம் வரும். முதலாவதுக்கும் செயலகக் காணிக் கிளையில எழுத்தில கேட்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எண்டு குடியேற்றத் திட்டக் காணிச் சனம்தான் எங்கட பக்கம் கனக்க. உறுதி காட்டினால்தான் அனுமதி எண்டு சபை நிபந்தனை வைச்சால் பாதிப்பேருக்குக் கதவு பூட்டு.

28.09.2025

எங்கட வட்டார உறுப்பினர் இதை வாசிச்சுக்கொண்டு வந்தவராம். ஒரு கடிதமா எழுதித் தரச் சொன்னார், வருசக் கடைசியில அடுத்த வருச அனுமதிக் கட்டணத் தீர்மானம் வரேக்க சேர்த்துக் கதைக்கலாம் எண்டார். மகளோட இருந்து நேற்று எழுதி முடிச்சன். சாரம் இதுதான்.

வீட்டுக்காரர் அதே வளவில குடியிருந்து ஒண்டு இரண்டு அறை விட்டால், சபையில ஒரு பதிவு போதும். முழு வீட்டையும் ஆளில்லாமல் விடுறதெண்டால் வியாபார அனுமதிப்பத்திரம் வேணும், சாவி வைச்சிருக்கிறவர் அதே கிராம அலுவலர் பிரிவில இருக்க வேணும், அவரின்ர பேரும் போன் இலக்கமும் கேற்றில எழுதியிருக்க வேணும். இதில விட்டுக்குடுக்கேலாது, 2023 இல அந்த ஒரு போன் எடுபட்டிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திராது. எத்தனை பேர் தங்கலாம் எண்டதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குழியையும் கிணத்தையும் பாத்து எழுதிக் குடுக்க வேணும், அந்த எண்ணிக்கை விளம்பரத்திலயும் இருக்க வேணும். உறுதியோ பேமிற்றோ எண்டு பாத்து ஆக்களைக் கழிக்கக் கூடாது. அயலின்ர கையெழுத்து வேண்டாம். கலியாணப் பத்திரம் கேக்க வேண்டாம். மாணவர் இருக்கிற அறையை அந்தக் கல்வியாண்டுக்குள்ள நாள்வாடகைக்குப் பதிய விடக் கூடாது.

கடைசிப் புள்ளியைச் சபை நடைமுறைப்படுத்தேலாது எண்டு மகள் சொல்லுறாள். ஆர் போய் அறை அறையா மாணவர் இருக்கினமோ எண்டு பாக்கிறது எண்டு கேட்டாள். இருக்கட்டும் எண்டு விட்டிருக்கிறன். பீடத்தில இருந்தே மாணவர் இருக்கிற வீட்டுப் பட்டியலைச் சபைக்குக் குடுக்கலாமோ எண்டு அந்த மட்டக்களப்புப் பிள்ளை கேட்டுச் சொல்லுறனெண்டிருக்குது.

05.10.2025

கடிதத்தில "கிணத்துக்கும் குழிக்கும் இடையில 50 அடி" எண்டு எழுதியிருந்தன். சின்னனில இருந்து கேட்டு வந்த அளவு. குடுக்க முதல் என்ர வளவை அளப்பம் எண்டு இண்டைக்கு விடிய மகளும் அந்தப் பிள்ளையும் டேப் பிடிச்சதுகள்.

எங்கட கிணத்துக்கு 58 அடி. அண்ணியின்ர கிணத்துக்கு 41.

குழி தம்பி அறை கட்டேக்க வெட்டினது. அப்ப வேலி இந்தப் பக்கம் எண்டு எங்கட கிணத்தை மட்டும் பாத்து வெட்டியிருக்கிறம். அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினன். அவ டேப்பைப் பாத்திட்டு, பின்மூலையில பலாவுக்கு அங்கால வெட்டலாம், மேசன் தம்பியிட்டச் சொல்லுறன் எண்டா.

டிசம்பருக்கு ஏற்கெனவே எட்டுப் பேர் கேட்டிருந்தினம். புதுக் குழி முடியாமல் நாலுக்கு மேல எடுக்கேலாதெண்டு இப்பதான் செய்தி அனுப்பினன். கடிதத்தை நாளைக்குக் குடுக்கிறன், 41 அடி எண்டதையும் அதில எழுதி.